ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டோட ஸ்கைலைனர் ரோப்கார் இவ்வளவு சுலபம்னா ரயில் ஏன் இவ்வளவு செலவு? பார்த்தவங்க எழுதுங்க

வடக்கயிறு:
கரீபியன் பீச் நிலையம். டிஸ்னி வேர்ல்டின் மூணு ரோப்கார் லைனும் சேர்ற இடம். மத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன்: பெட்டி வடத்தை விடுற அந்த நொடி.

நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல வருது. கூரைக்குக் கீழ நுழைஞ்சதும் மேலே இருக்கிற வளைஞ்ச தண்டு கிரிப்போட (வடத்தைக் கவ்வுற பிடி) நெம்புகோலை அழுத்துது, ஸ்பிரிங் அமுங்குது, தாடை திறக்குது. வடம் தன் வேகத்துல போய்க்கிட்டே இருக்கு. பெட்டி மட்டும் ரப்பர் டயர் வரிசைக்கு மாறிடுது. ஒவ்வொரு டயரும் முந்தினதை விடக் கொஞ்சம் மெதுவா சுத்தும். சுமார் 12 மீட்டர் தூரத்துல நடக்கிறதை விடக் குறைஞ்ச வேகத்துக்கு வந்துடும். வெளியே அனுப்பறப்ப இதே தலைகீழ். பெட்டி வடத்தோட வேகத்தை எட்டினப்புறம்தான் தாடை மூடணும், இல்லைன்னா வடத்தோட இழை தேயும். மூடினதும் பிடிவிசையை ஒரு அளவி பார்க்குது. குறைஞ்சிருந்தா லைன் நின்னுடும். அடிக்கடி "ஏன் நிக்குது"ன்னு கேக்கறாங்களே, அதுக்கு இப்படிப்பட்ட சோதனைகளும் ஒரு காரணம். எப்பவும் கோளாறு இல்லை.

அதைப் பார்த்துக்கிட்டு நின்ன கூட்டத்துல ஒருத்தர் சொன்னது: "இது போதும், ரயிலுக்குக் கோடி கோடியா கொட்டறது வீண்." அந்தப் பேச்சுதான் இன்னும் உறுத்துது.

மெதுவழி:
சக்கர நாற்காலி ஏறுற இடத்தை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். நகர்ற பெட்டியில நாற்காலியை ஏத்த முடியாது. அதனால சில நிலையங்கள்ல ஓரமா ஒரு தனி வளையத் தடம். பெட்டியை அங்கே திருப்பி, முழுசா நிறுத்தி, கதவு திறந்து, நிதானமா ஏத்தி, மறுபடி ஓடுற வரிசையில இடைவெளி பார்த்து நுழைக்கறாங்க. அங்கே பிரதான வரிசை இதுக்காக நிக்கிறதில்லை. பழைய ரோப்கார்கள்ல ஒருத்தருக்காக முழு லைனையும் மெதுவாக்கணும், மேலே தொங்கறவங்க எல்லாம் காத்திருக்கணும். ஆனா இந்த வளையத்துக்குக் கூடுதல் தடம், டயர், மோட்டார், கட்டடம் எல்லாம் வேணும். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டுச் சொல்லுங்க எது மலிவுன்னு.

மைல்கணக்கு:
மலிவுதான், சந்தேகமே வேண்டாம். லாஸ் வேகஸ் மோனோரயிலைப் பாருங்க. 3.9 மைல், 65 கோடி டாலர், 2004-ல் திறப்பு. மைலுக்கு சுமார் 17 கோடி டாலர். விமான நிலையம் வரைக்கும்கூட அது போய்ச் சேரலை. 2010-ல் திவால் மனு. 2020-ல் சுற்றுலா ஆணையம் 2.4 கோடி டாலருக்கு வாங்கினது. பக்கத்துல பொலிவியாவோட லா பாஸ் நகரத்தை வையுங்க. 2014-ல் திறந்த முதல் மூணு ரோப்கார் லைனும் சேர்ந்து சுமார் 10 கிலோமீட்டர், 23.4 கோடி டாலர். வேகஸ்ல ஒன்றரை மைலுக்கு ஆகற காசு. இதுக்கு மேல என்ன சொல்லணும்?

சிவில்காரன்:
மைல்கணக்கு சார், சொல்ல நிறைய இருக்கு.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து விமான நிலைய இணைப்பைப் போய்ப் பாருங்கள். 2014 நவம்பரில் திறந்தது. அதுவும் வடம் இழுக்கும் வண்டிதான். ஸ்கைலைனரைக் கட்டிய டாப்பல்மயர் குழுமத்தின் கேபிள் கார் பிரிவுதான் அதையும் கட்டியது. 3.2 மைலுக்கு 48.4 கோடி டாலர், அதாவது மைலுக்கு 15 கோடி. அங்கே கண்ணில் தைத்தது ஒரே காட்சி: வண்டி சின்னது, அதைத் தாங்கும் பாலம் பிரம்மாண்டம். ஆக, பணத்தை விழுங்குவது வடமோ மோட்டாரோ அல்ல. தொடர்ச்சியாக ஓடும் பாதை. தொங்கும் ரோப்காருக்குப் பாதை கிடையாது, தூண்கள் மட்டும்தான். இரண்டு தூண்களுக்கு நடுவே ஏரி இருந்தாலும் சாலை இருந்தாலும் அஸ்திவாரம் வேண்டியதில்லை. தொடர் பாலம் என்றால் 25 முதல் 40 மீட்டருக்கு ஒரு தூண். ஒவ்வொன்றின் அடியிலும் குடிநீர்க் குழாய், சாக்கடை, எரிவாயு, மின்கேபிள். அவற்றை இடம் மாற்றுவது தனி ஒப்பந்தம். குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். தோண்டிப் பார்த்தபிறகு தூணை நகர்த்தி, வரைபடத்தைத் திருத்தி, மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்.

டிஸ்னிக்கு இந்தத் தொல்லை இல்லை. நிலம் அவர்களுடையது, குழாய் போட்டதும் 2023 வரை அவர்கள் ஆட்சிக்குட்பட்டிருந்த மாவட்டம்தான். ஊருக்குள் அந்தச் சலுகை கிடையாது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து ரோப்கார் சுமார் 3,300 அடி நீளம்தான். ஒன்றரைக் கோடி டாலர் என்று பேச ஆரம்பித்து 5.7 கோடியில் முடிந்தது. மைல் கணக்கில் 9 கோடி. ரோப்கார் என்றாலே மலிவு என்பது சரியில்லை.

ரயில் என்றாலே விலை என்பதும் சரியில்லை. அதே ஃப்ளோரிடாவில் பிரைட்லைன், மயாமியிலிருந்து ஓர்லாண்டோ வரை 235 மைல், சுமார் 600 கோடி டாலர். மைலுக்கு இரண்டரைக் கோடி. காரணம் ஒன்றுதான்: மயாமியிலிருந்து கொக்கோ என்ற ஊர் வரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சரக்கு ரயில் பாதை. புதிதாகப் போட்டது கொக்கோவிலிருந்து ஓர்லாண்டோ வரைதான், அதுவும் நெடுஞ்சாலையை ஒட்டி. நியூயார்க் இரண்டாம் அவென்யூ சுரங்க ரயிலின் முதல் கட்டத்தை எடுங்கள். 1.8 மைல், மூன்று புதிய நிலையங்கள், 445 கோடி டாலர். பணத்தில் பெரும்பகுதி நிலையங்களில் போனது. ரயில் நிற்கும் நடைமேடை சுமார் 600 அடி. குடைந்ததோ அதைவிட வெகு நீளம், முழுக்கப் பணியாளர் அறைகளும் இயந்திர அறைகளும். இரண்டு ரயில் திட்டங்களுக்கு நடுவே மைலுக்கு நூறு மடங்கு வித்தியாசம். அப்புறம் "ரயில் செலவு" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதில் என்ன பொருள்?

மைல்கணக்கு:
பிரைட்லைன் தெருவைத் தரையிலேயே கடக்குது சார். எத்தனை விபத்துன்னு செய்தியில பார்க்கறோமே. அதையும் விலையில சேர்க்கணும்ல?

சிவில்காரன்:
சேர்க்க வேண்டும், மறுக்கவே இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் மேம்பாலம் கட்டியிருந்தால் இரண்டரைக் கோடி என்ற எண் நின்றிருக்காது. கிழக்கு மேற்காகப் புதிதாகப் போட்ட பகுதியில் தரைக்கடவு இல்லை, அங்கேதான் 125 மைல் வேகம்.

ஓர்லாண்டோவாசி:
2019 அக்டோபர் 5 ராத்திரியைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே. ஸ்கைலைனர் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எப்காட் பூங்காவுக்குப் போற லைன்ல, ரிவியரா நிலையத்துக்குள்ள பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு முட்டி நின்னுடுச்சு. வெளியே தொங்கினவங்க மூணு மணி நேரத்துக்கும் மேல. சிலரைத் தீயணைப்புத் துறை ஏணி வண்டியில இறக்கினாங்க. லைன் திரும்ப ஓடினது 14-ஆம் தேதி. ஏசி கிடையாது, பெட்டி நகர்ந்தாத்தான் காத்து.

நிலையத்துக்குள்ள முட்டினா ஏன் முழு லைனும் நிக்கணும்னா, ஒரே வடம். வடக்கயிறு சொன்ன டயர் வரிசையில ஒரு பெட்டி சிக்கினா பின்னால வர்றது 10, 12 நொடியில வந்து சேர்ந்துடும். அதுக்குள்ள வடத்தை நிறுத்தியாகணும். பிரதான மோட்டார் போனா டீசல் எஞ்சின்ல மெதுவா ஓட்டி எல்லாரையும் உள்ளே கொண்டு வரலாம். ஆனா நிலையத்துத் தடமே அடைபட்டுட்டா வடத்தை நகர்த்த வழியில்லை. டீசல் இருந்தும் பயன் இல்லை.

கிரிப்மேன்:
யாரும் கேட்கவில்லைதான். இருந்தாலும் தங்கள் ஊருக்கு ரோப்கார் வேண்டும் என்று மனு எழுதுபவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், அவர்களுக்காக.

எப்காட் லைனில் ஆள் ஏறாத ஒரு கட்டடம் இருக்கிறது. பெட்டி உள்ளே போய், வடத்தை விட்டு, திரும்பி, மறுபடி வடத்தைப் பிடித்து வெளியே வரும். லைன் திரும்புவதற்காக மட்டும் கட்டியது. ஒற்றை வட ரோப்கார் தூணில் வளையாது. ஆகவே வரைபடத்தில் எத்தனை திருப்பம் என்று முதலில் எண்ணுங்கள். ஒவ்வொரு திருப்பமும் ஏறக்குறைய ஒரு நிலையத்தின் செலவு.

அடுத்து கொள்ளளவு. பெட்டிக்கு 10 பேர், 9 நொடிக்கு ஒரு பெட்டி என்றால் மணிக்கு 400 பெட்டி, 4,000 பேர். விளம்பரத்தில் வருவது இந்த எண். நடைமுறையில் ஒரு குடும்பம் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளும், நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். குழந்தைத் தள்ளுவண்டி இருந்தால் இன்னும் குறையும். பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். இடைவெளியை நெருக்கி ஈடுகட்டலாம் என்பார்கள். இடைவெளி மிகக் குறைந்தால் நிலையத்தில் ஏறி இறங்க நேரம் போதாது.

வடத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். புது வடம் நீளும். இழுவிசை தரும் ஹைட்ராலிக் பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டால் வடத்தை வெட்டிச் சுருக்கி மறுபடி பின்ன வேண்டும். பின்னலின் நீளம் வட விட்டத்தைப் போல் 1,200 மடங்கு. 50 மில்லிமீட்டர் வடத்துக்கு 60 மீட்டர். தேர்ந்த பின்னல்காரர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், வரவழைக்க வேண்டும். அத்தனை நாளும் லைன் மூடியிருக்கும். மாற்றுப் பேருந்துக்கு யார் பணம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைக்க வேண்டும். தூணின் உருளைகளில் உள்ள ரப்பர் வளையம், கிரிப் ஸ்பிரிங், டயர், வடத்தின் காந்தச் சோதனை, இவையெல்லாம் ஆண்டுச் செலவு. கட்டும் விலையில் வராது.

கடைசியாக மின்னல். ஃப்ளோரிடாவில் கோடை மதியம் என்றால் இடி நிச்சயம். ஏற்றுவதை நிறுத்திய பிறகும் லைனில் இருக்கும் எல்லாரும் இறங்கக் கடைசிப் பெட்டி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். 4 கிலோமீட்டர் லைனுக்கு 13 நிமிடத்துக்கு மேல். புயல் 20 நிமிடத் தொலைவில் இருக்கும்போதே முடிவெடுக்காவிட்டால் நேரம் போதாது. டிஸ்னியிடம் பேருந்துப் படையே தயாராக நிற்கிறது. உங்கள் ஊரில்?

மைல்கணக்கு:
பேருந்து விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஓர்லாண்டோ விமான நிலையத்துலேர்ந்து டிஸ்னிக்கு இன்னும் ரயில் இல்லையே, அதுக்கு ரோப்கார் போடலாம்ல?

கிரிப்மேன்:
கூடாது. சாலை வழியாக 20 மைலுக்கு அருகில், சுமார் 30 கிலோமீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும், அதுவும் பெட்டி படுக்கைகளோடு. ஒரே வடம் அவ்வளவு நீளம் ஓடாது. பல வடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இணைப்பிலும் நிலையம் கட்ட வேண்டும்.

சிவில்காரன்:
அந்த இடத்துக்கு ரயில்தான். டிஸ்னியின் கடைவீதிப் பகுதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நிலையம் என்று 2020-ல் பிரைட்லைன் அறிவித்தது, 2022-ல் டிஸ்னி விலகிக்கொண்டது. பாதையை ஓர்லாண்டோ மாநாட்டு மையம் பக்கமாகக் கொண்டுபோகும் திட்டம் வந்ததுதான் காரணம். பாதை எந்த நிலத்தில் போகிறது என்பது முதலில் முடிவாக வேண்டும். தண்டவாளத்தின் விலையைப் பிறகு பேசலாம்.