மறு: ‘ஓப்பன் கேரி’க்குத் தமிழில் என்ன? (திறந்த சுமப்பு வேண்டாமே)

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஓப்பன் கேரி’, அதாவது துப்பாக்கியை மறைக்காமல் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடப்பது, இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய மடல் இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களுக்கும் சேர்த்து ஒரே மறுமொழியாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஓப்பன் என்றால் திறந்த, கேரி என்றால் சுமப்பு. ‘திறந்த சுமப்பு’ என்று போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை மடல்?

போகலாம்தான். ஆனால் இதைப் படிப்பவருக்கு லாரியில் தார்ப்பாய் போடாமல் மூட்டை ஏற்றிப் போகிற நினைப்புத்தான் வரும். சுமப்பது பாரத்தை. இடுப்பு உறையில் கிடக்கிற கைத்துப்பாக்கியை யாரும் சுமப்பதில்லை. ‘திறந்த’ என்பது எதைத் திறந்தது என்றும் தெரியவில்லை.

பேசுகிற விஷயம் இதுதான்: அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கியை மறைக்காமல், பிறர் கண்ணில் படும்படி, இடுப்பு உறையிலோ தோள் வாரிலோ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். சில மாநிலங்களில் உரிமம் வேண்டும், பலவற்றில் அதுவும் வேண்டாம். டெக்சஸில் 2016 ஜனவரி முதல் உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது, 2021 செப்டம்பரிலிருந்து உரிமமும் தேவையில்லை. நம் ஊரில் உரிமம் வாங்கியவரே தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். அப்படி இருக்கும்போது இந்தச் செயலுக்குப் பேர் வைக்கிற தேவை நமக்கு வரவே இல்லை. அதனால் அகராதியில் தேடிப் பயனில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இழையைத் தொடங்கிய ஐயா கேட்டது, அங்கே உள்ளூர்ப் போலீஸ் இப்படி நடப்பவர்களை எப்படிக் கையாளுகிறது என்ற கட்டுரைக்காக. ஆகவே சொல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். மேடையில் முழங்குவதற்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு ரோந்து வண்டிக்காரர் தெருமுனையில் இறங்கி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதும்போது சொல் சறுக்கினால் பொருளே மாறிவிடும்.

> ‘துப்பாக்கி ஏந்திய போலீசார்’ என்று தினமும் படிக்கிறோம். ‘வெளிப்படை ஏந்தல்’ என்றால் அழகாகவும் இருக்கிறது.

அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முக்கியமான மறுப்பே இதற்குத்தான். ஏந்துவது கையில். பிச்சைப் பாத்திரம் ஏந்துவதும் கையில், விளக்கு ஏந்துவதும் கையில். துப்பாக்கி உறையில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்பதுதான் அங்கே போலீசுக்கு முதல் கேள்வி. கட்டுப்பாட்டு அறைக்கு ஒருவர் போன் போட்டு “துப்பாக்கியோடு ஒரு ஆள் நிற்கிறான்” என்றால், எடுப்பவர் கேட்க வேண்டியது: எங்கே வைத்திருக்கிறான், கையிலா இடுப்பிலா, யாரையாவது நோக்கி நீட்டுகிறானா, என்ன செய்துகொண்டிருக்கிறான். இடுப்பிலோ தோளிலோ இருந்து, ஆள் சும்மா நடந்துகொண்டிருந்தால் அது அந்த மாநிலத்தில் குற்றமே இல்லை. கையில் எடுத்து ஆட்டினால் அது வேறு குற்றம், அதற்குத் தனிச் சட்டப் பிரிவே இருக்கும். இந்த இரண்டையும் ஒரே ‘ஏந்தல்’ விழுங்கிவிட்டால் கட்டுரையின் பாதிப் பத்திகள் பொய்யாகிவிடும்.

கையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கொலராடோ மாநிலத்தின் அர்வாடாவைப் பாருங்கள். 2021 ஜூன் 21 அன்று ஒருவன் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான். அங்கிருந்த ஒரு பொதுஜனம் தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்தவனின் ரைபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வந்த இன்னொரு போலீஸ்காரர், ரைபிளோடு நிற்பவர்தான் கொலையாளி என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஊரைக் காப்பாற்றினவருக்கு அந்த முடிவு.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு, அதே கொலராடோவில். 2015 அக்டோபர் 31, கொலராடோ ஸ்பிரிங்ஸ். ஒரு பெண் தன் வீட்டுக்கு வெளியே ரைபிளோடு ஒருவன் திரிவதைப் பார்த்து அவசர எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர், இந்த மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று விளக்கினார். சற்று நேரத்தில் அவன் சுட ஆரம்பித்தான், மூன்று பேர் இறந்தார்கள். போன் எடுத்தவர் சொன்னது சட்டப்படி சரி, அதுதான் இதில் கொடுமை. முதல் குண்டு வெளிவரும்வரை உரிமையைப் பயன்படுத்துகிறவனும் கொல்ல வந்தவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள். இந்தச் சிக்கலை உள்ளூர்ப் போலீஸ் தலையில் கட்டிவிட்டுச் சட்டமன்றங்கள் போய்விட்டன என்பது என் கருத்து, கலைச்சொல்லோடு சம்பந்தமில்லை, விடுங்கள்.

அடுத்து, போலீஸ் செய்வதற்கான சொற்கள். இதில் நம் இழை ஏனோ அவ்வளவாக மெனக்கெடவில்லை.

> டிடென்ஷன் என்றால் ‘காவலில் வைத்தல்’தானே?

இல்லை, அக்கா. நம் வாசகருக்குக் ‘காவலில் வைத்தல்’ என்றால் லாக்கப், ரிமாண்ட் எல்லாம் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது தெருவில் சில நிமிடங்களோ அரை மணி நேரமோ ஆளை நகர விடாமல் நிறுத்துவது. 1968-இல் டெரி எதிர் ஒஹாயோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: குற்றம் நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நியாயமான ஐயம் இருந்தால் போலீஸ் ஒருவரைச் சற்று நிறுத்தலாம், அவர் ஆயுதம் வைத்திருக்கும் ஆபத்தான ஆள் என்று நினைக்கக் காரணம் இருந்தால் மேலோட்டமாகத் தடவிப் பார்க்கலாம். இதற்கு ‘ஐயநிறுத்தம்’ என்று நான் முன்மொழிகிறேன். கைதுக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டும், அதற்கு நம் நீதிமன்றச் செய்திகளில் புழங்குகிற ‘முகாந்திரம்’ போதும், புதிதாக ஒன்றும் தேவையில்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு: போலீஸ்காரர் சும்மா வந்து பேச்சுக் கொடுப்பது, நாம் விரும்பினால் பதில் சொல்லலாம், இல்லையென்றால் நடையைக் கட்டலாம். ‘இசைவுப் பேச்சு’ என்று வைத்துக்கொள்ளலாமா? துப்பாக்கி கண்ணில் படுகிறது, வேறொன்றும் இல்லை என்றால் போலீசுக்கு உள்ள வழி பெரும்பாலும் இதுதான்.

ஒஹாயோவின் டொலிடோ நகரில் 2010-இல் ஒருவர் மனைவி, நாய் சகிதமாக நடந்துபோகிறார், இடுப்பில் துப்பாக்கி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் பார்த்துக் கத்தி, போலீசுக்குப் போன் போட்டார். வந்த அதிகாரி துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, விலங்கு மாட்டி, வண்டியில் உட்காரவைத்தார். ஆறாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒஹாயோ, டென்னசி உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான கூட்டரசு நீதிமன்றம்) 2015-இல் சொன்னது, மாநிலச் சட்டம் அனுமதிக்கிற ஒன்றைச் செய்தார் என்பது மட்டுமே ஐயத்துக்குக் காரணமாகாது என்று. அதற்கு முன்பே, 2013-இல், வட கரோலினாவின் சார்லட் வழக்கில் நான்காவது சரகமும் அதையே சொல்லியிருந்தது. அங்கே துப்பாக்கியை வெளிப்படையாக வைத்திருந்தவர் ஒருவர், போலீஸ் பிடித்து வைத்தது கூட நின்றவர்களையும் சேர்த்து!

ஆனால் அதே ஆறாவது சரகம் 2012-இல் டென்னசி வழக்கில் போலீஸ் பக்கம் நின்றது. நாஷ்வில் பக்கத்தில் ஒரு பூங்கா, ராணுவ உடுப்பு, தோளில் ஏகே-47 சாயலில் ஒரு ஆயுதம், பொம்மை என்று நினைக்கட்டும் என்பதுபோல் குழலின் நுனியில் ஆரஞ்சு வண்ணம். இவ்வளவும் சேர்ந்தால் நிறுத்தி விசாரித்தது நியாயம்தான் என்றார்கள். ஆக வெறும் துப்பாக்கி போதாது, துப்பாக்கியோடு இன்னும் ஏதாவது வேண்டும். ‘ஐயநிறுத்தம்’ என்ற சொல்லில் ஐயம் முன்னால் நிற்பது இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது.

கலிபோர்னியாவின் பழைய முறையையும் ஐயா கட்டுரையில் சேர்த்தால் நல்லது. 1967 மே மாதம் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் சுமார் 30 பேர் துப்பாக்கிகளோடு சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். அப்போது விவாதத்தில் இருந்த மல்ஃபோர்டு சட்டம் அதே ஆண்டு ஆளுநர் ரொனால்டு ரேகன் கையெழுத்தோடு வந்தது: தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடக்கக் கூடாது. நிரப்பாததோடு நடக்கலாம்! அதனால் பல வருடம் கழித்தும் சிலர் காலித் துப்பாக்கியை இடுப்பில் ஒரு பக்கமும் தோட்டாவை இன்னொரு பக்கமும் மாட்டிக்கொண்டு காபிக் கடைக்குப் போனார்கள். போலீஸ் வந்து துப்பாக்கியை வாங்கி, காலிதானா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். பார்க்க விடமாட்டேன் என்றால் அதுவே கைதுக்கு முகாந்திரம். 2012 ஜனவரியில் காலிக் கைத்துப்பாக்கிக்கும் தடை வந்து இந்தக் கூத்து முடிந்தது. போலீஸ் அப்படி வாங்கிப் பார்த்ததற்கு ‘தோட்டாச் சோதனை’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

டெக்சஸில் 2015-இல் இதையே தலைகீழாக முயன்றார்கள். துப்பாக்கி தெரிகிறது என்பதற்காக மட்டும் நிறுத்தி உரிமம் கேட்கக் கூடாது என்று, மேலே சொன்ன 2016 சட்டத்துக்கான மசோதாவில் ஒரு திருத்தம். போலீஸ் தரப்பு கடுமையாக எதிர்த்தது, கடைசியில் அதை நீக்கிவிட்டுத்தான் மசோதா நிறைவேறியது.

சரி, நம் சொல்லுக்கு வருவோம்.

> ‘ஆயுதம் தாங்கிய’ என்பது நம் வழக்கு. ‘வெளித்தாங்கல்’, ‘மறைதாங்கல்’ என்று ஜோடியாக வைக்கலாம்.

தாங்குதல் என்ற வினை மிகப் பொருத்தம், உடம்பில் வைத்திருப்பதையும் அது குறிக்கும், கையில் என்று வற்புறுத்தாது. ஆனால் பெயர்ச்சொல்லாக்கினால் பழவந்தாங்கலுக்கு அடுத்த ஸ்டேஷன் வெளித்தாங்கல் என்றாகிவிடுகிறது. செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்றால் ஏரி. மனத்தாங்கல் வேறு இருக்கிறது. மறைதாங்கலை வேதத்தைத் தாங்குவதாகவும் ஒருவர் படித்துவிடுவார்.

> ‘தரித்தல்’ என்றால் அணிவது. வெளித்தரிப்பு, மறைதரிப்பு.

இதற்கு யாழ்ப்பாணத்து அண்ணன் அடுத்த மடலிலேயே பதில் சொல்லிவிட்டார், அங்கே தரிப்பு என்றால் வண்டி நிறுத்துவது, பேருந்துத் தரிப்பிடம் என்று பலகையே இருக்கிறது என்று. அது மட்டுமில்லை, இலங்கைச் செய்திகளில் ‘துப்பாக்கிதாரி’ என்றால் சுட்டுவிட்டு ஓடினவன். கட்டுரையில் சட்டப்படி நடக்கிற ஒருவரைத் துப்பாக்கிதாரி என்று எழுதினால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதினதாகிவிடும். இது வெறும் நுணுக்கம் இல்லை. 2016 ஜூலை 7 அன்று டல்லஸில் ஊர்வலத்தில் போலீசார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தபோது, ஊர்வலத்தில் சட்டப்படி ரைபிள் மாட்டியிருந்த ஒருவரின் படத்தை, இவர்தான் சந்தேக நபர் என்று காவல் துறையே இணையத்தில் போட்டது. அவர் தானாகப் போலீசிடம் போய் நின்றார், விசாரித்துவிட்டு விடுவித்தார்கள். படம் அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. அவர் கறுப்பினத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 2014-இல் ஒஹாயோவின் பீவர்கிரீக்கில் ஒரு வால்மார்ட் கடையில், அந்தக் கடை அலமாரியிலிருந்தே எடுத்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்த 22 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமே வேண்டாத மாநிலம் அது. 2020 ஆகஸ்டில் விஸ்கான்சினின் கெனோஷாவில் ரைபிளோடு நின்ற வெள்ளையர்களுக்குப் போலீஸ் தண்ணீர் பாட்டில் கொடுத்தது, அந்த இரவே அவர்களில் 17 வயதுப் பையன் ஒருவன் மூன்று பேரைச் சுட்டு, இருவர் இறந்து, கையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் வண்டிகளை நோக்கி நடந்தபோது அவை அவனைத் தாண்டிப் போயின. பின்னால் நீதிமன்றம் அவனை விடுவித்தது, அது வேறு கதை. தெருவில் சட்டம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதை ஐயா தன் கட்டுரையில் எழுதாமல் விடக்கூடாது.

என் முன்மொழிவு: பெயர்ச்சொல்லாகச் சுருக்காமல் வினையாகவே விடுவோம். ‘வெளிப்படத் தாங்குதல்’, ‘மறைத்துத் தாங்குதல்’. இரண்டு சொல் ஆகிறதே என்று யாராவது சொல்வீர்கள், ஆகட்டும். வெளிப்படத் தாங்குபவர், வெளிப்படத் தாங்கும் உரிமை, வெளிப்படத் தாங்கத் தடை என்று எப்படி வளைத்தாலும் வளைகிறது, ஏரியும் வரவில்லை, பேருந்தும் வரவில்லை. ஏந்துதலைக் கையில் இருப்பதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். மிரட்டும்படி காட்டுவது ‘நீட்டி மிரட்டுதல்’. சட்டப் பத்திகளில் ‘சுடுகலன்’ வரட்டும், மற்ற இடங்களில் துப்பாக்கியே இருக்கட்டும். துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்ததென்று, அதற்குப் பதிலாகத் ‘துமுக்கி’ என்ற தனித்தமிழ்ச் சொல்லைக் கேட்கிற நண்பரோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் வாசகரும் வர மாட்டார், பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார்.

ஐயா, ஒரு விஷயம். கட்டுரையில் புளோரிடாவைத் தடை உள்ள மாநிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 செப்டம்பரில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடை செல்லாது என்றுவிட்டது, மாநிலத் தலைமை வழக்கறிஞரும் போலீசாரை அதற்கேற்ப நடக்கச் சொல்லிவிட்டார். அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.

‘மேன் வித் எ கன்’ என்று வருகிற தொலைபேசி அழைப்புக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘துப்பாக்கி ஆள் அழைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், பல்லில் சிக்குகிறது. காவல் துறையில் வயர்லெஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் நம் குழுவில் இருவர் இருக்கிறீர்கள், நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.