சிற்பியிடம் கையளவு வரையாட்டுச் சிலை செய்யச் சொல்வது எப்படி?

கேள்வி – நீலமலையாள்

அனைவருக்கும் வணக்கம். வனக்காவலராகப் பணியாற்றும் என் தந்தையார் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் கழிந்ததால், மேசைமேல் வைக்கத்தக்க ஒரு வரையாட்டுக் கிடாயின் சிலையை அவருக்குச் செய்வித்துக் கொடுக்க விரும்புகிறேன். கடைகளில் இருப்பவை ஏதோ ஒரு மலையாடாகவே தெரிகின்றன. தந்தையார் கண்டவுடனே தவறைச் சொல்லிவிடுவார். வெண்கலத்தில் வார்ப்பது நல்லதா, பாலிமர் களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டுவது நல்லதா? சிற்பியிடம் எவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?

மறுமொழி – வார்ப்புப் பட்டறை

அம்மா, முதலில் அளவை முடிவு செய்யுங்கள். வளர்ந்த கிடாயின் தோள் உயரம் ஏறத்தாழ 100 செ.மீ.; பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்தால் சிலை 8 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே அப்படிக் குறைவதால், 100 கிலோ எடையுள்ள கிடா அந்த அளவில் மெழுகில் 60 கிராம்கூட இராது. வெண்கலம் மெழுகைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம் என்பதால், உள்ளே வெற்றிடம் விடாமல் வார்த்தால் பீடம் நீங்கலாக அரைக் கிலோவை ஒட்டி வரும். கையில் எடுத்தால் அந்தக் கனமே ஒரு நிறைவைத் தரும்.

சுவாமிமலை முறையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி நிழலில் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றிய பிறகு உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதே மெழுகுருவம் இரண்டாம் முறை கிடைக்காது. ஆகவே, உங்கள் திருத்தங்களையெல்லாம் மெழுகு நிலையிலேயே சொல்லிவிடுங்கள். முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், மேலிருந்து என ஐந்து படங்களைக் கேட்டுப் பெற்று, தந்தையாரின் பழைய தோழர் ஒருவரிடம் காட்டுங்கள். காது இந்த அளவில் மிக மெல்லியதாகிவிடுமாதலால் சிற்பி அதைச் சற்றுத் தடிப்பாக்குவார். அதற்கு இடம் கொடுங்கள்.

கட்டணத்தை மூன்று தவணையாக, பணி தொடங்கும்போதும், மெழுகுருவத்தை நீங்கள் ஏற்றபோதும், சிலை கைக்கு வரும்போதும் கொடுப்பது இருவருக்கும் நியாயம்.

மறுமொழி – சோலைப்புல்வெளி

இணையத்தில் தேடினால் இமயமலை வரையாட்டின் படங்களும் கலந்தே வரும். அதற்குக் கழுத்திலும் தோளிலும் நீண்ட சடைமயிர் தொங்கும். நம் வரையாட்டுக்கோ குட்டையான முரட்டு மயிர், பிடரியில் மட்டும் சிறு சிலிர்ப்பு. கொம்பு முறுக்கில்லாமல் ஒரே சீராகப் பின்னோக்கி வளையும். ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு என்றாலும் கிடாயின் கொம்பு தடித்தது. "வரையாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லாமல், முதிர்ந்த கிடா, பாறை விளிம்பில் நின்று கீழே பார்ப்பது என்று வயதையும் நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு ஒன்று இருக்கும். தந்தையாரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

என் கருத்து வெண்கலத்துக்கே. உடலைக் கருமையேற்றி, அந்தத் திட்டை மட்டும் சற்று மெருகிட்டு விடச் சொல்லலாம். கண்ணிலிருந்து வாயோரம் வரை இறங்கும் வெளிர்கோடு துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் மட்டும் களிமண்ணும் வண்ணமும் மேல். நேரில் படமெடுக்க, கேரளத்தில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதி ஏற்றது; குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக அங்கே பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை.

மறுமொழி – ஏட்டுச்சுவடி

உரிமையைப் பற்றியும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து வரையச் செய்த ஓவியத்தின் உரிமை வரையச் சொன்னவரைச் சேரும். சிற்பம் அந்தப் பிரிவில் குறிப்பிடப்படவில்லை. சிலை உங்கள் வீட்டில் இருந்தாலும் வடிவத்தின் உரிமை சிற்பியிடமே நிற்கும். இதே கிடாயை வேறொருவருக்கு அவர் மீண்டும் செய்யக்கூடாது என்று நீங்கள் விரும்பினால், முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதற்காக அவர் கூடுதலாகக் கேட்டால் அது முறையான கேள்விதான்.