பழைய 1/72 ஸ்பிட்ஃபயர் கிட்: திருத்திக் கட்டுவதா, இருப்பதை அப்படியே கட்டுவதா?

கேள்வி: நூல்கண்டு

வணக்கம். நான் இதுவரை கட்டிய பிளாஸ்டிக் விமான மாடல்கள் எல்லாம் சமீபத்தில் செய்த புதிய அச்சுகளில் வார்த்த கிட்கள்தான். இப்போது முதல்முறையாகப் பழைய கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர், 1/72 அளவு, 1960களில் செய்த அச்சில் வார்த்தது. பாலித்தீன் பை, மேலே மடித்துப் பின் அடித்த படம் போட்ட அட்டை. பையை முன்பே யாரோ பிரித்திருக்கிறார்கள். பாகங்களில் பாதி ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) உதிர்ந்து கிடக்கின்றன, ஆனால் எதுவும் தொலையவில்லை.

பார்க்கப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. உடல் முழுக்க ரிவெட்கள் (தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகள்) புடைத்து நிற்கின்றன. காக்பிட் (விமானி அறை) என்று ஒன்றே இல்லை. உட்பக்கச் சுவர்களில் இரண்டு முளை, அதன் மேல் விமானி உட்கார வேண்டும். ஓரமெல்லாம் பிசிறு. கேனபி, அதாவது விமானி தலைக்கு மேலான கண்ணாடி மூடி, தடியாகவும் மங்கலாகவும் இருக்கிறது. டீக்கல் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளாகிவிட்டது. மேல் இறக்கைப் பாகம் ஒன்று லேசாக முறுக்கியிருக்கிறது.

ரிவெட்களைத் தேய்த்து எடுத்து, பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் கோடுகள்) புதிதாகக் கீறி, தனியாக விற்கும் ரெசின் வார்ப்புக் காக்பிட் வாங்கி வைத்து இதைத் திருத்துவதா? அல்லது பையில் இருப்பதை மட்டும் வைத்துக் கட்டுவதா? பழைய கிட்களைக் கட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உப்புத்தாள்

இருப்பதை வைத்தே கட்டுங்கள். பழைய கிட்கள் மட்டுமே கட்டுகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திருத்த ஆரம்பித்தால் முடிவு கிடையாது. ரிவெட் போனால் பேனல் கோடு சரியில்லை என்று தோன்றும், அது முடிந்தால் மூக்கின் வடிவம் உறுத்தும், அப்புறம் புரொப்பெல்லர். கடைசியில் கையில் இருப்பது பழைய கிட்டும் அல்ல, நல்ல புது கிட்டும் அல்ல. துல்லியமான 1/72 ஸ்பிட்ஃபயர் வேண்டுமென்றால் புதிய அச்சுகள் நிறைய இருக்கின்றன. இந்தக் கிட்டுக்கு வேறொரு அழகு உண்டு, அதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை.

1/72 என்ற அளவே பழைய காலத்துக் கணக்கு. ஒரு அங்குலம் ஆறடிக்குச் சமம். ஆறடி மனிதன் ஒரு அங்குல உயரம் இருப்பான். பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் 1936-இல் பென்குயின் என்ற பெயரில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கிட்களிலேயே இந்த அளவு வந்துவிட்டது. அவர்களுடைய மற்ற மாடல்கள் பறக்கும், இவை பறக்காது, அதனால்தான் பென்குயின். உங்கள் கையில் இருப்பது போன்ற பை கிட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கி ஒரு மாலையில் ஒட்டி முடிக்கட்டும் என்று செய்யப்பட்டவை. பாகங்கள் குறைவு. நாம் அதற்கு ஒரு மாலைக்குப் பதில் சில வாரங்கள் கொடுத்தால், அந்தச் சில பாகங்களே மிக அழகாகச் சேர்ந்துகொள்ளும். என் கவனம் எல்லாம் இரண்டு இடங்களில்தான்: இணைப்புகள், கேனபி.

முதலில் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெயும், இத்தனை வருட அழுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் பிடிக்காது. கொதிநீர் கூடவே கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும்.

பிசிறை வெட்டாதீர்கள், சுரண்டுங்கள். கூர்மையான கத்தியின் அலகை ஓரத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் மெல்லிய சுருளாக வரும். வெட்டப் போனால் அலகு பாகத்துக்குள் இறங்கிவிடும். சக்கரக் கால், புரொப்பெல்லர் அலகு போன்ற மெல்லியவற்றில் எது பிசிறு, எது பாகம் என்று சந்தேகம் வந்தால் அட்டைப் படத்தை நம்பாமல் விமானத்தின் புகைப்படத்தைப் பாருங்கள்.

அடுத்தது பொருத்தும் முளைகள். பழைய அச்சுகளில் இந்த முளைகளும் துளைகளும் பல நேரம் நேருக்கு நேர் வராது. அவற்றை நம்பி ஒட்டினால் உடலின் ஒரு பாதி மேலேறி நிற்கும். நான் எல்லா முளைகளையும் வெட்டிவிடுவேன். இரண்டு பாதிகளின் உட்பக்கத்தையும் தட்டையான பரப்பில் விரித்த உப்புத்தாளில் எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்து, மாஸ்கிங் டேப்பால் சேர்த்துக் கட்டி, கண்ணால் ஓரம் பார்த்து நேராக்குவேன்.

பசை ஒட்டுவதற்கு முன் முழு விமானத்தையும் டேப்பால் கட்டிப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்பிட்ஃபயரில் சோதனை, இறக்கை உடலோடு சேரும் இடம். வழக்கமான அமைப்பு இதுதான்: கீழ் இறக்கை இடமிருந்து வலமாக ஒரே துண்டு, மேலே இரண்டு துண்டுகள். செய்முறைத் தாள் இறக்கையை முழுதாக ஒட்டிவிட்டு உடலில் பொருத்தச் சொல்லும். நான் மேல் துண்டுகளை முதலில் உடலோடு ஒட்டிவிடுவேன். அந்த இணைப்பு இடைவெளியில்லாமல் அமைந்தபின் கீழ்த் துண்டைச் சேர்ப்பேன். மிச்சம் வரும் இடைவெளி அடிப்பக்கத்தில் விழும், அங்கே பட்டி போட்டுத் தேய்ப்பது சுலபம். அதற்கு முன் மேல், கீழ்த் துண்டுகளின் பின் ஓரத்தை உட்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். பழைய கிட்களின் இறக்கை பின் ஓரம் ரொம்பத் தடியாக இருக்கும். அந்த ஒரு திருத்தம் மட்டும் செய்யலாம், மாடலின் தோற்றமே மாறும்.

டியூபில் வரும் கெட்டிப் பசையை வெளியே தெரியும் இணைப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீர் போன்ற பசைதான் இங்கே தேவை. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டால் பசை தானாக உள்ளே ஓடும். இது பிளாஸ்டிக்கையே கரைத்துச் சேர்க்கிறது. சில நொடி பொறுத்து லேசாக அழுத்துங்கள், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாக வெளியே பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, இறுகியபின் சுரண்டித் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால், உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான் மெல்ல வெளியேறும்போது அந்த இடம் சுருங்கும். பெயின்ட் அடித்த பிறகு மெல்லிய பள்ளக் கோடு தலைகாட்டும்.

இனி ரிவெட். கணக்கு உங்கள் பக்கம்தான். 0.3 மில்லிமீட்டர் அகல ரிவெட்டை 72-ஆல் பெருக்கினால் 2 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அப்படி ஒரு ரிவெட் உண்மையான ஸ்பிட்ஃபயரில் கிடையாது. இருந்தும் நான் அதைத் தேய்க்க மாட்டேன். அந்த வரிசைகளை வரைபடம் பார்த்து எஃகு அச்சில் ஒவ்வொன்றாக இறக்கியது ஓர் அச்சுத் தொழிலாளியின் கை. கணினி கிடையாது. அதுதான் இந்தக் கிட்டின் கையெழுத்து என்று நினைக்கிறேன். இணைப்பைத் தேய்க்கும்போது இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பக்கத்து ரிவெட்கள் தப்பும். புடைத்த பேனல் கோடு எங்காவது அழிந்தால், ஸ்ப்ரூவை மெழுகுவத்தி மேல் வாட்டி இழுத்து, அந்த மெல்லிய இழையை அழிந்த இடத்தில் வைத்துத் துளிப் பசை தொடுங்கள், கோடு திரும்ப வந்துவிடும்.

காக்பிட்டுக்கு ரெசின் வேண்டாம். உள்ளே அடர்நிறம் அடித்து விமானியை நன்றாகப் பெயின்ட் செய்யுங்கள். மெல்லிய டேப் துண்டில் தோள்வார், முகத்தில் ஆக்சிஜன் முகமூடியின் நிறம். அந்தத் தடிக் கேனபி வழியாகத் தெரியப்போவது அவர் தலையும் தோளும் மட்டுமே.

கேனபியைப் பற்பசை தொட்ட மெல்லிய துணியால் நிதானமாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, நிறமில்லாத அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷில் முக்கி, தூசு படாமல் மூடி வைத்துக் காயவிடுங்கள். எவ்வளவு தெளிகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒட்டுவதற்கு வெள்ளை நிற மரப்பசை. சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டால் கேனபி வெண்மையாக மங்கிவிடும்.

பதில்: மஞ்சள்வளையம்

டீக்கலைப் பற்றி நான் சொல்கிறேன். தாளைத் தொடுவதற்கு முன் ஸ்கேன் செய்து வையுங்கள். பிறகு பாலித்தீன் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். சில வாரங்களில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். சிவப்பு மங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

அப்புறம் தேவைப்படாத சிறு துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். சிதறினால் மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் திரவ டீக்கல் ஃபிலிமைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிட வேண்டும். அது தாள் முழுக்க ஒரே ஃபிலிமாகிவிடுவதால் ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டித் தனித்தனியாக வெட்டுங்கள். ஒட்டும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறமாக மின்னும், ரிவெட் நிறைந்த பரப்பில் அது இன்னும் மோசம்.

பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னங்களையும் சரிபாருங்கள். 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயர் என்றால் இறக்கை மேலே நீலம், சிவப்பு மட்டும். உடலின் பக்கவாட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள் வளையம். பழைய தாள்களில் சிவப்புப் புள்ளி நடுவிலிருந்து விலகி அச்சாகியிருப்பது சகஜம். அப்படியிருந்தால் புதிய டீக்கல் தாள் வாங்குவதில் தவறே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ‘பையில் இருப்பதே போதும்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

பதில்: சேமிப்பறை

ஒரு மாற்றுக் கருத்து. பை பிரிந்திருந்தாலும் அட்டை நல்ல நிலையில் இருந்தால், அதைப் பத்திரமாக வைத்துவிட்டு மறுவெளியீடு ஒன்றை வாங்கிக் கட்டலாமே? ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் பழைய அச்சுகளை விண்டேஜ் கிளாசிக்ஸ் என்ற வரிசையில் புது டீக்கலோடு கொண்டுவருகிறது. ஃப்ராக் கதையும் அப்படித்தான். 1970களில் அவர்கள் நிறுத்தியபின் பல அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் வந்தன. பிரியாமல் மிஞ்சியிருக்கும் பழைய பைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கேள்வியாளர்: நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. அட்டையில் பெரிய கிழிசல் இருக்கிறது, அதனால் கட்டுவது என்றே முடிவு செய்துவிட்டேன். ரிவெட் இருக்கட்டும். இரண்டு சந்தேகம். முறுக்கிய இறக்கையை என்ன செய்வது? அப்புறம், புரொப்பெல்லர் சுற்றும்படி கட்ட வேண்டுமென்றால் உடலை ஒட்டும்போதே உள்ளே வைக்கச் சொல்கிறது தாள். பெயின்ட் அடிக்கும்போது அது இடைஞ்சலாக இருக்குமே?

பதில்: உப்புத்தாள்

அட்டைக்காகச் சேமிப்பறை சொல்வதை நானும் மதிக்கிறேன். பின்னை மெதுவாக எடுத்து, அட்டையைத் தட்டையாக ஒரு உறையில் போட்டு வையுங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இறக்கை: லேசான முறுக்கு என்றால் சூடு காட்டவே வேண்டாம். கீழ்த் துண்டு நேராக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உட்பக்கம் நீளவாக்கில் தடித்த ஸ்ப்ரூ துண்டு ஒன்றை ஒட்டி அதை உறுதியாக்குங்கள். பிறகு முறுக்கிய துண்டை அதன் மேல் பகுதி பகுதியாக ஒட்டுங்கள்: முதலில் உடல் பக்கம், அது இறுகியபின் நடு, கடைசியில் நுனி. ஒவ்வொரு முறையும் கிளிப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உங்கள் கிட்டில் நான் மேலே சொன்ன வரிசையை இதற்காக மாற்றிக்கொள்ள வேண்டும். முறுக்கில்லாத பக்கத்து மேல் துண்டை முதலில் உடலோடு ஒட்டுங்கள், முறுக்கிய துண்டு கீழ்த் துண்டு வந்தபின். முறுக்கு அதிகமென்றால் மட்டும் கை பொறுக்காத சூட்டு நீரில், கொதிநிலைக்கு வெகு கீழே, இடுக்கியால் பிடித்துச் சிறிது நேரம் முக்கி, கையுறையோடு எதிர்த்திசையில் வளைத்துப் பிடித்துக் குளிர்நீரில் விடலாம்.

புரொப்பெல்லர்: பின்னால் இருக்கும் தடுப்புக் குமிழை வெட்டிவிட்டு, தண்டை மட்டும் விட்டுவையுங்கள். மூக்கின் உட்பக்கம் அதே தண்டு நுழையும் அளவுக்கு ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை ஒட்டினால் எல்லா பெயின்டும் முடிந்தபின் கடைசியாகச் செருகிக்கொள்ளலாம், சுற்றவும் செய்யும். உடலை மூடுவதற்கு முன் அந்தக் குழாய் நேராக இருக்கிறதா என்று தண்டைச் செருகிப் பாருங்கள், பிறகு மாற்ற முடியாது.

சக்கரத்தை மடக்கி ஸ்டாண்டில் வைப்பதா, இறக்கி வைப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மடக்குவதானால் சக்கரக் குழி மூடிகளைப் பெயின்டுக்கு முன் பொருத்தி இடைவெளியை அடைக்க வேண்டும். இறக்குவதானால் அடிவயிற்றில் ஸ்டாண்டுக்கான துளையை மூட வேண்டும். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்ததும் இறக்கை இணைப்பைப் படம் எடுத்துப் போடுங்கள், பட்டி எங்கே வேண்டும் என்று சொல்கிறேன்.