பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மறு உருவாக்கம்: கடலூர், புதுச்சேரி நண்பர்களின் உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம். நானும் அக்கா மகனும் சேர்ந்து, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற பழைய கணினி விளையாட்டின் 1989, 1993 பாகங்களை, விளையாட்டுகள் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சினில் அடியிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். விற்பதற்கு இல்லை, கற்றுக்கொள்ளத்தான்.

புதிர்கள் ஓரளவு முடிந்துவிட்டன. மிதித்தால் கதவு திறக்கும் கல், காலடியில் பெயர்ந்து விழும் தரை, எட்டாவது கட்டத்தில் எலி ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவது எல்லாம் வேலை செய்கின்றன. மாட்டிக்கொண்டது அசைவில்.

அசல் விளையாட்டை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சட்டகமாக (ஃப்ரேமாக) வரைந்தார். அதனால்தான் இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பின் கனம் நமக்கே தெரிகிறது. நாங்களும் சில்வர் பீச்சில் பையனைத் தாவவிட்டு எடுத்தோம். மணலில் குதிகால் புதைந்து, எழும்பும்போதே முட்டி மடங்கிவிடுகிறது. திரையில் கல்தரை, அவனோ சேற்றில் நடப்பவன் மாதிரி!

அதனால் கேட்கிறேன். கெட்டியான தரையும், தொங்கி ஏற ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவரும் உள்ள இடம் யாரிடமாவது இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அப்புறம், சிலம்பத்தோடு வாள்வீச்சும் தெரிந்த ஒருவர் வேண்டும். வெட்டு, தடுப்பு, பின்வாங்கல் மூன்றையும் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் செய்துகாட்டினால் போதும். சட்டகம் சட்டகமாக வரையப் பொறுமை உள்ளவர்களும் வாருங்கள். முத்தியால்பேட்டையோ லாஸ்பேட்டையோ, நாங்களே வந்துவிடுகிறோம்.

இங்கேயே பதில் போடுங்கள், இதுவரை செய்ததை அனுப்புகிறேன்.