புதுப்பிப்பு: கிருஷ்ணகிரியில் புது கார், கொட்டேஷனில் விட்டுப்போனவை

முந்தைய பதிவில், டீலர் கொட்டேஷனில் (விலைப் பட்டியலில்) சேர்க்கும் ஹேண்ட்லிங் சார்ஜை நீக்கச் சொல்வதோடு நின்றிருந்தேன். நீக்கினால் அதே தொகை ‘ஆக்சஸரீஸ் பேக்’ என்று திரும்பி வருகிறது. அதனால் ஆன்-ரோடு மொத்தத்தில் (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) பேரம் பேசாமல் ஒவ்வொரு வரியாகப் பேசுங்கள்.

பெரிய ஓட்டை இன்சூரன்ஸ்தான். மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான காப்பீடு) 1 ஆண்டு போதும். டீலரிடம் எடுக்காமல் வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே ஐடிவி (காப்பீட்டில் காருக்குக் குறிக்கும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களோடு (கூடுதல் பாதுகாப்புகள்) வெளியே விலை வாங்கிக் காட்டுங்கள். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது பழைய வித்தை. ‘வெளியே எடுத்தால் தள்ளுபடி இல்லை’ என்றால் இழக்கும் அந்தத் தள்ளுபடித் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வரும் 1% டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) செலவல்ல. பான் எண் சரியாக இருந்தால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

ஓசூர்க்காரர்களே, பெங்களூரு கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலையை (சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராதது) மட்டும் ஒப்பிடுங்கள். டிஎன் 70 (ஓசூர்) பதிவுக்குச் சாலை வரி தமிழ்நாட்டுக் கணக்குத்தான்.