காசு போட்டுப் பேசும் தொலைபேசிக்கு ஆடாத மரச் சட்டகம்: அளவுகள் சரிதானா?

வாயில்தூண்:

காசு போட்டுப் பேசும் பழைய உலோகத் தொலைபேசிகள் மூன்றைப் பொதுக் கூடம் ஒன்றில் நிறுத்த வேண்டும். காட்சிக்காக அல்ல, வருபவர்கள் எடுத்துப் பேசுவதற்காக. ஒவ்வொன்றும் 530 மி.மீ. உயரம், 195 அகலம், 150 ஆழம். காசுப்பெட்டி காலியாக இருக்கும்போது எடை 22 கிலோ.

சுவரில் துளை போட அனுமதி இல்லை, பழைய சுண்ணாம்புப் பூச்சு. தரையில் துளை போடலாம். டைலும் பூச்சும் சேர்ந்து 50 மி.மீ., அதற்குக் கீழே கான்கிரீட். எனவே சுவரை ஒட்டி, தரையில் நிற்கும் மரச் சட்டகம்.

என் திட்டம் இது: 75×75 கால்கள் இரண்டு, அவற்றின் குறுக்கே 40 மி.மீ. கனமும் 400 அகலமும் உள்ள தேக்குப் பலகை, அடியில் 600×600 மரப் பீடம். பீடம் தரையில் சும்மா உட்காரும். தொலைபேசியைப் பலகையில் நான்கு நீளமான மரத் திருகுகளால் பிடிப்பேன். ஒரு தொலைபேசிக்கு ஒரு சட்டகம். இது தாங்குமா? எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும்?

பளுக்கணக்கு:

முதலில் விட்டுக்கொடுப்பது பீடம்தான். உடையாது, கவிழும்.

22 கிலோ எடை இங்கே பெரிய பளுவே இல்லை. ரிசீவரை யாராவது முன்னோக்கி இழுப்பதுதான் பளு. உங்கள் அளவுகளில் மரம் ஏறக்குறைய 35 கிலோ, தொலைபேசியோடு 57. தொலைபேசி முன்பக்கம் இருப்பதால் மொத்த எடையின் மையம் பீடத்தின் நடுவிலிருந்து 60 மி.மீ. முன்னே வரும். முன் விளிம்புக்கு மீதி 240 மி.மீ. கவிழாமல் தடுக்கும் திருப்புவிசை 57 × 9.81 × 0.24 = 134 நியூட்டன்-மீட்டர். இழுக்கும் உயரம் 1.2 மீட்டர் என்றால் 112 நியூட்டனிலேயே சட்டகம் சாயத் தொடங்கும். அதாவது சுமார் 11 கிலோ இழுப்பு. ஒரு சிறுவன் ரிசீவரைப் பிடித்துச் சாய்ந்தாலே 22 கிலோ இரும்பு அவன்மேல் விழும். பீடத்துக்குள் 50 கிலோ கான்கிரீட் வைத்தாலும் இந்த எண் 24 கிலோ அளவுக்குத்தான் ஏறும். பொது இடத்துக்கு இது போதாது.

1.2 மீட்டர் உயரத்தில் 700 நியூட்டன் கிடைமட்ட இழுப்பு, அதாவது ஏறக்குறைய 70 கிலோ, என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். திருப்புவிசை 840 நியூட்டன்-மீட்டர், ஒரு காலுக்கு 420. 75×75 காலில் இதனால் வரும் வளைவுத் தகைவு (வளையும்போது மரத்துக்குள் எழும் விசை) 6 நியூட்டன்/ச.மி.மீ.; நல்ல கடின மரம் தாங்கிக்கொள்ளும். ஆனால் மேல்முனை 7 முதல் 8 மி.மீ. வரை ஆடும். உடையாத கால்கூட ஆடினால் நாளடைவில் எல்லா இணைப்பையும் தளர்த்திவிடும். அதே காலை 75×100 ஆக்கி, 100 மி.மீ. பக்கம் முன்பின்னாக வரும்படி நிறுத்தினால் ஆட்டம் 3 மி.மீ. அளவுக்கு இறங்கும். கூடுதல் மரம் கொஞ்சம்தான், பலன் இரு மடங்குக்கு மேல்.

மரப் பீடத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரும்புச் செருப்பு ஒன்று செய்யுங்கள். அடித்தகடு 8 மி.மீ. கனம், முன்பின் 300, அகலம் 150. அதன்மேல் காலின் இடமும் வலமும் அணையும்படி 6 மி.மீ. தகடுகள் இரண்டு, 280 உயரம், பற்றவைத்தது. காலின் ஊடே இரண்டு எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட்: காலின் அடியிலிருந்து 85 மி.மீ. உயரத்தில் ஒன்று, 235-இல் ஒன்று. அடிக்கு மிக அருகில் போட்டால் ரேகை வழியே மரம் பிளக்கும்.

தரைக்கு ஒரு செருப்புக்கு நான்கு எம்10 ஆங்கர் (துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடிக்கும் போல்ட்). பின்னிரண்டும் சேர்ந்து ஏற்கும் மேல்நோக்கிய இழுப்பு சுமார் 1.6 கிலோநியூட்டன், ஒன்றுக்கு 0.8. நல்ல கான்கிரீட்டில் எம்10-க்கு இது பெரிதல்ல. ஆனால் ஆங்கர் விரியும் பகுதி கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் தரையில் முதல் 50 மி.மீ. டைலும் பூச்சும்தான், அதைப் பிடிமானமாக எண்ணவே கூடாது. ஆங்கரின் நீளத்தோடு அந்த 50-ஐக் கூட்டி வாங்குங்கள்.

கொட்டாப்புளி:

கால்களைப் பற்றி மேலே சொன்னதே சரி. பலகைக்கும் திருகுக்கும் வருகிறேன்.

மரத் திருகு வேண்டாம். புதிதாக முடுக்கிய அன்று அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் ரிசீவரை வைக்கும் ஒவ்வொரு அடியும், காசு விழும் ஒவ்வொரு அதிர்வும் திருகின் மரையைச் சுற்றியுள்ள மர நாரை நசுக்கிக்கொண்டே இருக்கும். துளை பெரிதாகும், தொலைபேசி அரை மில்லி ஆடும், அந்த ஆட்டம் துளையை இன்னும் பெரிதாக்கும். ரிசீவரின் கவச வடத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பி அறுவதற்கு முன்பே திருகு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

400 அகலத் தேக்குப் பலகையும் வேண்டாம். ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் அந்த அகலத்தில் சுமார் 3 மி.மீ. விரிந்து சுருங்கும். இரண்டு கால்களிலும் இறுக்கிப் பிடித்த பலகைக்குப் போக்கிடம் இல்லாததால் நடுவில் வெடிப்பு விடும். கொதிநீர் தாங்கும் தரமுள்ள 18 மி.மீ. பிளைவுட் இரண்டை எபாக்ஸி பசையால் ஒட்டி 36 ஆக்குங்கள். இரண்டுக்கும் வளைவு இருந்தால் வளைவின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, முழுப் பரப்பிலும் பளு ஏற்றி இறுக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் பக்கம் போகவே வேண்டாம்.

தொலைபேசியைப் பிடிக்கும் முறை: பலகையின் பின்னால் 6 மி.மீ. எஃகுத் தகடு, தொலைபேசியின் பின்தகட்டைவிடச் சுற்றிலும் 20 மி.மீ. பெரியது. அதில் எம்6 மரை வெட்டிய துளைகள். போல்ட் தொலைபேசியின் உள்ளிருந்து, பின்தகடு வழியாக, பலகையைக் கடந்து இந்தத் தகட்டில் முடுங்கும். பின்தகடு 3, பலகை 36, தகடு 6, கூட்டினால் 45. எம்6×50 சரியாக இருக்கும். பின்னால் நட் வைத்தால் சுவர் இடுக்கில் கை விட்டுக் கழற்ற முடியும், தகட்டில் மரை வெட்டினால் முடியாது. பலகையைக் குடைந்தாலும் எஃகுதான் எதிர்ப்படும்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. போல்ட் துளைகளில் எஃகுக் குழல் செருகுங்கள்: வெளிவிட்டம் 10, உள்விட்டம் 6.5, நீளம் 35.5. பலகையைவிட அரை மில்லி குட்டையாக இருப்பதால் முதலில் மரம் இறுகும், பிறகு பின்தகடு, குழல், எஃகுத் தகடு மூன்றும் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். இனி மரம் எவ்வளவு சுருங்கினாலும் போல்ட்டின் இறுக்கம் போகாது. குழல் இல்லாவிட்டால் சில மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து முடுக்க வேண்டியிருக்கும்.

பலகையைக் கால்களில் பிடிக்க ஒரு காலுக்கு மூன்று எம்8 போல்ட், 30 மி.மீ. வாஷர், நைலான் வளையம் உள்ள நட். இங்கே குழல் தேவையில்லை, ஆனால் முதல் கோடை கடந்ததும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

செம்புக்கம்பி:

சட்டகம் உறுதியாக வந்துவிடும். தொலைபேசியைத் திறக்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள்.

இந்த வகைப் பெட்டிகளில் போல்ட்டுகள் உள்ளே இருக்கின்றன, மேல்மூடியைக் கழற்றினால்தான் எட்டும். மூடியின் பூட்டு பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். சாவியும் திருகுகோலும் சுழல இரு பக்கமும் 150 மி.மீ. காலி இடம் வேண்டும். மூடியைத் தூக்கி முன்னே எடுக்க மேலேயும் 150. கீழே காசுப்பெட்டி முன்பக்கமாக இழுபட வழி இருக்க வேண்டும். அதனால் பலகையின் அகலம் 400 போதாது. 195-உடன் இரு பக்கமும் 150 சேர்த்து 500 ஆக்குங்கள். கால்களின் வெளிமுகமும் 500-இலேயே நிற்கட்டும், மையத்துக்கு மையம் 425. பின்னாலுள்ள எஃகுத் தகட்டுக்கும் அப்போது தாராளமாக இடம் கிடைக்கும்.

உயரம்: சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்ட, காசு போடும் வாய் தரையிலிருந்து 1200 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் பெட்டியில் அது உச்சியிலிருந்து 40 மி.மீ. கீழே என்று வைத்தால் பெட்டி 710-இல் தொடங்கி 1240-இல் முடியும். பலகை 620 முதல் 1320 வரை.

இங்கேதான் கவனம் வேண்டும். பார்வையற்றவரின் கைத்தடி தரையை ஒட்டித் துழாவிக்கொண்டு வரும். 710-இல் தொடங்கி 150 மி.மீ. முன்னே நீட்டியிருக்கும் பெட்டியை அது தொடாது, உடம்புதான் மோதும். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலை, 685 முதல் 2030 மி.மீ. உயரத்துக்குள் சுவரிலிருந்து நீட்டும் எதுவும் 100 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது என்கிறது. எந்த ஊருக்கும் பொருந்தும் நியாயமான அளவு அது. தீர்வு எளிது. கால்களின் வெளிப்பக்கத்தில் 18 மி.மீ. பிளைவுட் சிறகுகள் இரண்டு, பலகையின் முகத்திலிருந்து 165 மி.மீ. முன்னே வரும்படி, மேலே 1320-இல் தொடங்கித் தரையிலிருந்து 300 வரை இறக்குங்கள். கைத்தடி முதலில் சிறகைத் தொடும். பேசுபவருக்குக் கொஞ்சம் மறைவும் கிடைக்கும்.

கம்பி பின்தகட்டின் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பலகையிலும் எஃகுத் தகட்டிலும் 25 மி.மீ. துளை, தகட்டின் விளிம்பில் ரப்பர் வளையம். இல்லாவிட்டால் அதிர்வில் உறை தேய்ந்து கம்பி தகட்டைத் தொடும். காலின் பின்முகத்தில் 20 மி.மீ. குழாய்க்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, மேலே கழற்றக்கூடிய பட்டை மூடுங்கள். காலை நிறுத்துவதற்கு முன் இதைச் செய்வது சுலபம்.

எர்த் கம்பியை மறக்காதீர்கள். மரத்தில் பொருத்திய பெட்டிக்குச் சட்டகம் வழியாக எந்த எர்த்தும் கிடைக்காது. மணி அடிக்கும்போது லைனில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின் அழுத்தம் இருக்கும். உள்ளே ஒரு கம்பி உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டால், பெட்டியைத் தொடுபவரின் கைதான் எர்த். பின்தகட்டிலிருந்து 2.5 ச.மி.மீ. பச்சைக் கம்பி ஒன்று தனியாக இழுங்கள். பழைய வகைகள் சிலவற்றில் காசை உள்ளே விழவைக்கும் ரிலேயே எர்த் வழியாகத்தான் வேலை செய்யும். அது இல்லாவிட்டால் காசு நடுவிலேயே தங்கிவிடும்.

வாயில்தூண்:

பீடத்தைக் கைவிடுகிறேன், ஆங்கர்தான். மூன்று சந்தேகம். பிளைவுட் விளிம்பு தெரிந்தால் கூடத்தின் பழைய மரவேலையோடு சேராது, என்ன செய்வது? செருப்பை மரத்தால் மூடலாமா? எழுதுவதற்குச் சிறு தட்டு ஒன்றும் கேட்கிறார்கள்.

கொட்டாப்புளி:

விளிம்புகளுக்கு 20 மி.மீ. அகலத் தேக்குச் சட்டம் ஒட்டி, முகத்துக்குத் தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு) போடுங்கள். பலகையின் இருமுகத்திலும் வெனீர் வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த உடனே பசை தடவ வேண்டும்.

செருப்பை மூடலாம். ஆனால் மூடி திருகுகளால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், போல்ட்டைப் பார்க்க முடியாதபடி ஒட்டிவிடாதீர்கள். தரை கழுவும் தண்ணீர் தேங்காமலிருக்க மூடியின் அடியில் 10 மி.மீ. இடைவெளி. காலின் அடிமுகமும் செருப்பின் தகட்டில் உட்காரக் கூடாது, 15 மி.மீ. தூக்கி நிறுத்தி, வெட்டு முகத்தில் எபாக்ஸியை இரண்டு முறை ஊறவிடுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த முகம் வழியாகத்தான்.

தட்டை வைத்தால் அதில் ஆட்கள் உட்காருவார்கள். கட்டாயம் வேண்டுமென்றால் ஆழம் 120-ஐத் தாண்டாமல், பெட்டிக்கும் சிறகுக்கும் இடையில் இல்லாமல், சிறகின் வெளிப்பக்கம் காலில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். அது 685-க்கு மேலே நிற்பதால் சிறகைத் தாண்டி முன்னே நீட்டக் கூடாது. பலகையில் மட்டும் மாட்டாதீர்கள்.

நிழற்கூரை:

இதே சட்டகம் திறந்த வெளிக்குப் பொருந்துமா?

கொட்டாப்புளி:

கூரை இல்லாமல் பொருந்தாது. கூரை முன்பக்கம் 300 மி.மீ. நீட்டி, சரிவாக இருக்க வேண்டும். அடிமுகத்தில் விளிம்பை ஒட்டி நீர்வடியும் காடி ஒன்று எடுக்க வேண்டும். கூரையின் முன் விளிம்பு 2030 மி.மீ.க்கு மேலே இருக்கட்டும், தலையில் இடிக்காது. இரும்பெல்லாம் துத்தநாகம் முக்கியதாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ வேண்டும். ஓக் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் சாதாரண இரும்பு ஈரம் பட்டதும் கறுப்புக் கறை விடும், போல்ட்டையும் தின்னும். காலைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது மட்டும் வேண்டாம், தரை மட்டத்தில் அழுகும்.

பளுக்கணக்கு:

வேலை முடிந்ததும் சோதனை. இரண்டு பிளைவுட் ஒட்டிய பலகையையும் காசுப்பெட்டியில் நிறைந்த காசையும் சேர்த்தால் எடை கூடும், ஆனால் அது கீழ்நோக்கிய பளு, கால்கள் கவலைப்படாது. சோதிக்க வேண்டியது முன்னிழுப்பு.

தொலைபேசியை மாட்டுவதற்கு முன், அதன் போல்ட் துளைகளில் ஒரு தகட்டை முடுக்கி, 1.2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, நடுவே தொங்கு தராசு வைத்து முன்னோக்கி இழுங்கள். இழுக்கும் ஆள் நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். முதலில் 20 கிலோ, பிறகு 40, பிறகு 70. 70-இல் ஒரு நிமிடம் வைத்து மேல்முனை எவ்வளவு நகர்ந்தது என்று சுவரிலிருந்து அளக்கவும். கணக்குப்படி கால் மட்டும் 3 மி.மீ.; செருப்பின் நெகிழ்வும் சேர்ந்து 5 அல்லது 6 வரலாம். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் 1 மி.மீ.க்கு மேல் நின்றுவிட்டால் எங்கோ நழுவியிருக்கிறது. முதலில் பின் ஆங்கர்களைப் பாருங்கள், அவை சரியாக இருந்தால் எம்12 போல்ட்டின் துளை. அந்தத் துளையைப் போல்ட்டைவிட 1 மி.மீ.க்கு மேல் பெரிதாக எடுத்திருந்தால் நழுவல் பெரும்பாலும் அங்கேதான். எபாக்ஸியால் அடைத்து மறுபடி துளைத்தால் போதும், காலை மாற்றத் தேவையில்லை.