உயிரோடிருந்த ரோமப் பேரரசருக்குப் பலி கொடுத்தார்களா?

நாணயவேட்டை கேட்டது:
அகஸ்டஸ் நாணயங்களில் 'தெய்வத்தின் மகன்' என்று பட்டம் இருக்கிறது. பிற்காலப் பேரரசர்கள் இறந்தபின் அடித்த காசுகளில் கழுகு, அடுக்கடுக்கான சிதை, 'கொன்செக்ராசியோ' (தெய்வமாக்கல்) என்ற எழுத்து. பேரரசர் எப்போது தெய்வமாகிறார்? யார் முடிவு செய்வது? உயிரோடிருக்கும்போதே பலி உண்டா? ஒரு கட்டுரை ஆமாம் என்கிறது, இன்னொன்று இல்லவே இல்லை என்கிறது.

மார்ஸ்திடல்:
முடிவு செனட்டுடையது, அதாவது ரோமின் ஆட்சி மன்றத்துடையது. ஜூலியஸ் சீசரைக் கி.மு. 42-ல் செனட் தெய்வமாக்கியது. அவர் அகஸ்டஸின் வளர்ப்புத் தந்தை. அந்தப் பட்டம் அப்படி வந்ததுதான்.

அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்ட் 19-ல் இறந்தார். செனட் தீர்மானம் செப்டம்பர் 17-ல். அவர் வானுக்குப் போனதைக் கண்ணால் கண்டேன் என்று நுமேரியஸ் அட்டிகஸ் என்ற முன்னாள் பிரீட்டர் (உயர் நீதி அதிகாரி) சத்தியம் செய்தார். அவருக்கு அகஸ்டஸின் மனைவி லிவியா கொடுத்தது 10 லட்சம் செஸ்டெர்ஷியஸ் காசு. ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பாடு சாட்சியின் வேலையைச் சடங்கே பார்த்துக்கொண்டது. 211-ல் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் பிரிட்டனில் யார்க்கில் இறந்தார். உடலை அங்கேயே எரித்து, சாம்பலைத்தான் ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே எரிக்க ஒரு மெழுகுருவம் செய்தார்கள். நோயாளி போல வெளிறிய முகத்தோடு அரண்மனை வாசலில் தந்தக் கட்டிலில் 7 நாள் கிடந்தது. இடப்பக்கம் கறுப்பு உடையில் செனட்டர்கள், வலப்பக்கம் வெள்ளை உடையில் பெண்கள். மருத்துவர்கள் தினமும் வந்து 'பார்த்து', நிலைமை மோசமாகிறது என்று அறிவிப்பார்கள். 7-வது நாள் 'மரணம்'. பிறகு ரோமின் மார்ஸ் திடலில் மரத்தால் கட்டிய சதுரச் சிதை: உள்ளே முழுக்கச் சுள்ளி, மேலே போகப்போகச் சிறுக்கும் அடுக்குகள். கட்டில் இரண்டாம் அடுக்கில், சுற்றிலும் வாசனைப் பொருள்கள். குதிரைப்படை சுற்றிவரும், வாரிசு தீ வைப்பார், உச்சியிலிருந்து ஒரு கழுகைத் திறந்துவிடுவார்கள். உங்கள் காசில் இருப்பது அந்தக் கழுகும் அந்தச் சிதையும்தான்.

193-ல் பேரரசர் பெர்டினாக்ஸின் மெழுகுருவத்துக்கு ஒரு பையன் மயிற்பீலியால் ஈ ஓட்டிக்கொண்டு நின்றான். அங்கே செனட்டராக இருந்த காசியஸ் டியோ எழுதிவைத்தது இது.

பத்தாம்பசலி:
செனட் எப்போதும் தலையாட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 138-ல் ஹாட்ரியனைத் தெய்வமாக்க மறுத்து, அவருடைய ஆணைகளையே செல்லாததாக்கப் பார்த்தார்கள். அவர் தத்தெடுத்த வாரிசு அன்டோனைனஸ் சொன்ன பதில் சட்டப்படி கச்சிதம்: அவர் ஆணை செல்லாதென்றால் என்னைத் தத்தெடுத்ததும் செல்லாது, நான் ஆளவும் முடியாது. செனட் இறங்கிவந்தது. டைபீரியஸ், கலிகுலா, நீரோ, டொமிஷியன் நால்வருக்கும் கடைசிவரை கிடைக்கவில்லை. கிளாடியஸுக்குக் கிடைத்தும் பாதுகாப்பில்லை. கட்டத் தொடங்கிய கோவிலை நீரோ பெரும்பாலும் இடித்துத் தள்ள, வெஸ்பாசியன்தான் திரும்பக் கட்டினார்.

பலிபீடம்:
முக்கியக் கேள்வி உயிரோடிருந்தவரைப் பற்றியது. இரண்டு கட்டுரைகளும் வேறுவேறு ஊரைப் பேசுகின்றன, அதனால்தான் முரண்.

ரோமின் அரசுச் சடங்கில் உயிரோடிருக்கும் பேரரசருக்கு நேரடிப் பலி வழக்கமில்லை. அவருடைய 'ஜீனியஸ்' என்ற காவல் ஆவிக்குத்தான். விலங்கை வைத்தே பிரித்துவிடலாம். செனட் தெய்வமாக்கிய ஆணுக்கு எருது, பெண்ணுக்குப் பசு, உயிருள்ள பேரரசரின் ஜீனியஸுக்குப் பொலிகாளை. யூப்ரடீஸ் கரையில் டூரா யூரோபஸ் படைமுகாமில் கிடைத்த பாப்பிரஸ் நாட்காட்டி (225 வாக்கில்) இதை நாள்வாரியாகப் போடுகிறது: செப்டம்பர் 23, தெய்வ அகஸ்டஸின் பிறந்தநாள், ஓர் எருது. ஆள் செத்து 200 ஆண்டு கழித்தும்!

கிழக்கு மாகாணங்களில் இந்தத் தயக்கம் கிடையாது. கிரேக்க நகரங்கள் முன்பே அரசர்களுக்குக் கோவில் கட்டிப் பழகியவை. கி.மு. 29-ல் பெர்கமோனிலும் நிகோமீடியாவிலும் கிரேக்கர்கள் தனக்குக் கோவில் எடுக்க அகஸ்டஸ் அனுமதித்தார். ரோம் நகரின் தெய்வ உருவான ரோமா தேவியோடு சேர்த்துத்தான். அதே மாகாணங்களில் குடியிருந்த ரோமக் குடிமக்களுக்கு எபேசிலும் நிகேயாவிலும் வேறு ஏற்பாடு: ரோமாவும் இறந்த சீசரும். கோவில் என்றால் மானம், மரியாதை, திருவிழா வருமானம் எல்லாம் உண்டு. டைபீரியஸ் கோவிலுக்கு 11 நகரங்கள் போட்டி போட்டு, கி.பி. 26-ல் ஸ்மிர்னா வென்றது.

நடுவில் நிற்பது இன்றைய தெற்கு பிரான்சின் நார்போ. அகஸ்டஸ் உயிரோடிருந்தபோதே அவருடைய தெய்வ ஆற்றலுக்குப் பீடம். ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளில் குதிரைவீரர் வகுப்பினர் 3 பேர், விடுதலை பெற்ற அடிமைகள் 3 பேர், தலைக்கு ஒரு பலிவிலங்கு. ஊராருக்குத் தூபமும் திராட்சை மதுவும் அவர்கள் செலவு. கல்வெட்டில் இது விதியாகவே இருக்கிறது.

ஆதாரம் பார்க்கும்போது 'பேரரசருக்கு'ப் பலியா, 'பேரரசருக்காக' வேறு தெய்வத்துக்குப் பலியா என்று பாருங்கள். யூதர்களின் யெருசலேம் கோவிலில் தினமும் நடந்தது இரண்டாவது வகை; 66-ல் அதை நிறுத்தியதுதான் ரோமின் கண்ணில் கலகம்.

நாணயவேட்டை:
அப்போ கிறிஸ்தவர்களைத் தண்டித்தது பேரரசரை வணங்க மறுத்ததற்காகத்தானே?

பலிபீடம்:
பெரும்பாலும் இல்லை. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தில் (இன்றைய வடமேற்குத் துருக்கி) ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களுக்கு வைத்த சோதனையில் பேரரசர் டிராஜனின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் இருந்தது உண்மை; ஆனால் மற்றத் தெய்வங்களின் சிலைகளும் கூடவே இருந்தன. டிராஜன் எழுதிய பதிலில் தன் உருவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, 'நம் தெய்வங்களை வணங்கினால் போதும்' என்கிறார். 250-ல், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசர் டேசியஸ் போட்ட ஆணைப்படி கொடுத்த சான்றிதழ்கள் எகிப்தில் 40-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், 'தெய்வங்களுக்குப் பலியிட்டேன், மது ஊற்றினேன், பலியுணவைச் சுவைத்தேன்', கீழே அதிகாரிகளின் கையொப்பம், தேதி. டேசியஸின் பெயர் வருவது தேதி வரியில், ஆட்சியாண்டைக் குறிக்க.